பேரூர்

படிவத்தில் ஊர் என்று ஒரு கட்டம் இல்லை.
நகரம், அஞ்சல் குறியீடு, நாடு.
மூன்றும் நிரம்பினால்தான்
வாசல் அட்டை அச்சாகும்.

செம்பவாங் கப்பல் பட்டறை, காலை ஏழு நாற்பது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ருமென் தொதொரொவ்,
என்ஜின் பழுது பார்க்க வந்தவர்,
பல்கேரியக் கடவுச்சீட்டின் மூலையில் எண்ணெய்க் கறை.
சோபியா என்று தட்டினேன்.
"சோபியா இல்லை. யாசெனிட்சா. கிராமம்."

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று
கேட்டிருக்க வேண்டியதில்லை,
பின்னால் வரிசையில் இருபது தலைக்கவசங்கள்.
கேட்டுவிட்டேன்.

பன்னிரண்டாயிரம்.
இரண்டு பள்ளிக்கூடம், ஒரு டயர் தொழிற்சாலை.
ஒரே ஒரு சிக்னல்,
அதில் டிராக்டரும் மெர்சிடிசும் உரசிக்கொண்டு நிற்கும்.
சோபியாவின் பேருந்துக்குக் கடைசி நிறுத்தம்
எங்கள் தேவாலயச் சுவர்.
ஓட்டுநர் இறங்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

அப்புறம் எப்படிக் கிராமம்?

நகரம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், என்றார்,
மூன்று தடவை.
நகரமானால் குப்பை வரி இரட்டிப்பு.
கோழி வளர்க்கக் கூடாது.

ஈசூனில் நாங்கள் இரண்டு லட்சம் பேர்.
யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை.
என் நகரத்துக்கு விளிம்பும் கிடையாது,
வடக்கே நடந்தால் கடல்,
கடல் முடிவதற்குள் ஜொகூரின் விளக்குகள்.
புறம் என்று சொல்லிக் காட்ட
ஒரு முழம் நிலம் மிச்சமில்லை.

தமிழில் என்றால் சிக்கலே இல்லை.
பன்னிரண்டு வீடும் ஊர், பன்னிரண்டாயிரமும் ஊர்.
பேரூர் என்று
அவருக்கே அளவெடுத்துத் தைத்த சொல்கூட இருக்கிறது.
கணினி ஏற்காது.

"சோபியா மாவட்டம் என்று போடட்டுமா?"
தலையை இடமும் வலமும் ஆட்டினார்.
அழித்தேன்.
ஐயோ, சரி என்றுதானே சொன்னேன், என்றார்.
அவர்கள் நாட்டில் அது ஆமாம்.
என் தலை சும்மா இருக்குமா,
அதுவும் ஆடியது, இரண்டுக்கும் நடுவில்.
எங்களையே பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் கோ,
"யெஸ்ஸா, நோவா லா?" என்றார்.

அட்டை வந்தது.
நகரம்: யாசெனிட்சா.
மூன்று தடவை மறுத்த ஊரை
ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஒற்றை விரலால் நான் நகரமாக்கிவிட்டேன்.
அவர் அதைச் சட்டைப்பைக்குள்
எழுத்து உள்பக்கம் பார்க்கச் செருகிக்கொண்டார்.

செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து புகை வந்தது.
எல்லோரும் முகக்கவசத்தில்.
அவர் மட்டும் டீ நேரத்தில் வெளியே நின்று மூச்சை இழுத்தார்.
இந்த மாதம் எங்கள் தெரு முழுக்கத்
தகர டிரம்மில் சிவப்புக் குடமிளகாய் சுடுவோம்.
புகை நகரம் வரை போகும்.
நகரத்தார் ஜன்னலை அடைத்துக்கொண்டு திட்டுவார்கள்.
சொல்லும்போது அத்தனை பெருமை.
என் கைபேசியில் காற்றுத் தரம் நூற்று நாற்பத்தொன்று.

பிறகு கேட்டார், உன் ஊர்?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.
சென்னையிலிருந்து வந்த என்ஜினியர்கள் கேட்பார்கள்,
டாக்சியில் கேட்பார்கள்.
ஈசூன் என்பேன்.
இல்ல, சொந்த ஊர்?
ஈசூன்தான்.
இல்ல, அப்பாவோட ஊர்?
அப்பாவும் கேகே மருத்துவமனையில் பிறந்தவர் என்றதும்
பாவம், முகம் வாடிப்போவார்கள்.

ஈசூன், என்றேன்.
அடுத்த கேள்விக்குத் தயாராக நின்றேன்.

"எத்தனை பேர்?"
"இரண்டு லட்சம்."
விரலால் காற்றில் சுழியங்களை எண்ணிப் பார்த்தார்.
"பெரிய கிராமம்," என்றார்.

அன்று மாலை முனையத்தில் ஓட்டுநர் இறங்கி
பையில் கட்டி வாங்கிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
கார் நிறுத்துமிடத்தைக்
காட்டுச் சேவல் ஒன்று கடந்தது,
விடியலில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று
எங்கள் பிளாக்கே நகர மன்றத்தில் புகார் கொடுத்திருக்கும் அதே சேவல்.
அந்தப் புகாரில்
என் கையெழுத்தும் இருக்கிறது,
இப்போதுதான் நினைவுக்கு வந்தது.